ஒருவாய்க் களி



மார்கழித் திங்கள் பிறந்து திருக்கோயில்களில் திருவெம்பாவை ஓதத் தொடங்கியதும், ஆண்டுதோறும் அடியார் பலர் ஒரே வகையான ஐயங்களை எழுப்புவர். "எங்கள் பிறந்தகத்தில் திருவாதிரைக்கு ஏழு காய் சேர்த்துக் குழம்பு வைப்பார்கள், புகுந்தகத்தில் பதினொன்று வேண்டும் என்கிறார்கள். எது முறை?" என்பார் ஓர் அம்மையார். "நிவேதனத்துக்குமுன் உப்புப் பார்க்கக் கூடாது என்கிறார் என் மாமியார். பார்க்காமல் எப்படிச் சமைப்பது?" என்பார் மற்றொருவர். "பொழுது புலருமுன் களி உண்ண வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம், எதிர்வீட்டாரோ கோயிலில் தரிசனம் கண்ட பின்பே உண்கிறார்கள். யார் செய்வது சரி?" என்பார் வேறொருவர்.

இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆகம நூலில் நேரான விடை இல்லை. விடை இல்லாமையால் இவை பொருளற்ற வழக்கங்கள் என்று தள்ளிவிடலாமா? அல்லது முன்னோர் செய்தவை என்பதனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்ற வேண்டுமா? இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. அதனையே ஈண்டு ஒருசிறிது சிந்திப்போம்.

கோயில் முறையும் மனை வழக்கும்

திருக்கோயிலில் நிகழும் வழிபாட்டுக்கு ஆகமமே அளவுகோல். தில்லையில் ஆனந்தக் கூத்தப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு திருமுழுக்குகள் நிகழ்கின்றன. சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்றும் நாள்மீனைப் பற்றியவை. ஆவணி, புரட்டாசி, மாசி ஆகிய திங்களில் வளர்பிறைச் சதுர்த்தசியில் நிகழும் மூன்றும் திதியைப் பற்றியவை. நமக்கு ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள். அந்த ஒரு நாளின் ஆறு காலப் பூசைகளே இந்த ஆறு திருமுழுக்குகள் என்பர் பெரியோர். அக்கணக்கில் மார்கழி வைகறைப் பொழுது ஆகும். ஆகவே மார்கழித் திருவாதிரைத் திருமுழுக்கு தேவர்களின் நாளில் முதற்பூசை எனப் போற்றப்படுகிறது.

தில்லையில் இவ்விழா பத்து நாள் நிகழ்வது. கொடியேற்றத்தில் தொடங்கி, ஒன்பதாம் நாள் மூலவராகிய கூத்தப்பெருமானே தேரில் எழுந்தருளுவார். ஏனைய தலங்களில் மூலவர் கருவறை விட்டு வாரார்; உற்சவ மூர்த்தியே வீதிக்கு வருவார். தில்லையிலோ ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே அடியாரைத் தேடி வீதிக்கு வருகிறார். பத்தாம் நாள் வைகறையில் ஆயிரங்கால் மண்டபமாகிய இராசசபையில் மகாபிடேகம்; பின்னர் ஆருத்திரா தரிசனம். இவற்றுள் ஒன்றையும் எவரும் தம் விருப்பப்படி மாற்றுதல் இயலாது.

மனையிலோ நிலைமை வேறு. வீட்டு அடுப்புக்கு ஆகமம் எழுதியவர் இலர். அங்கே பாட்டியின் சொல்லே விதி. தாயின் கையே அளவு. சான்றோர் இதனைக் குலவழக்கு என்று மதித்தார்கள். கோயில் விதி ஊரெல்லாம் ஒன்றாக இருப்பது. குலவழக்கு வீட்டுக்கு வீடு வேறாக இருப்பது. வேறாக இருப்பது அதன் குற்றமன்று, அதன் இயல்பு என முதலில் உணர்தல் வேண்டும்.

ஆதிரை நாளின் பழமை

திருவாதிரை மீன் செந்நிறமுடையது. செம்மேனி எம்மானுக்கு அது உரியதாயிற்று. பெருமான் ஆதிரையான் என்றே பெயர் பெற்றான். இந்நாளின் விழா இன்று நேற்றுத் தோன்றியதன்று. திருஞானசம்பந்தப் பெருமான் மயிலாப்பூரில் பூம்பாவையை எழுப்பிய திருப்பதிகத்தில் ஆதிரை நாளையும் எடுத்துரைக்கிறார். திருநாவுக்கரசு சுவாமிகள் திருவாரூரில் கண்ட ஆதிரைத் திருநாளின் சிறப்பைத் திருப்புகலூரில் ஆளுடைய பிள்ளையார் வினவ, அதற்கு விடையாகவே ஒரு திருப்பதிகம் பாடியருளினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

பூம்பாவைத் திருப்பதிகத்தில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறந்த பெண்ணை அழைத்து, "இந்த விழாவைக் காணாமல் போகின்றாயோ?" என்று கேட்கும் பிள்ளையார், எல்லா விழாக்களுக்கும் முன்னதாக முதற்பாட்டில் எதனைச் சொல்கிறார் தெரியுமா? அடியவர்க்கு அமுது சமைத்து இடுவதைச் சொல்கிறார். தைப்பூசத்தைக் கூறும்போதும் நெய்யிட்ட சோற்றையே அதன் அடையாளமாகக் காட்டுகிறார். உண்டியும் விழாவும் பிரியாதவை என்பது அன்றே தெளிவான செய்தி.

ஆயின் களியைப் பற்றி மூவர் தமிழில் குறிப்பு இல்லை. அது வந்த வழி வேறு.

சேந்தனார் வீட்டு அடுப்பு

ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவும், பதின்மூன்று பாடல்கள் கொண்ட திருப்பல்லாண்டும் அருளிய சேந்தனார் வரலாற்றோடு களியை இணைத்துப் பேசுவது சைவ மரபு. இவரை அறுபத்து மூவருள் ஒருவராகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. ஆகவே இவ்வரலாறு பெரியபுராணத்தில் இல்லை. செவிவழியாகவே அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

விறகு வெட்டி விற்று, வந்த பொருளில் நாள்தோறும் ஓர் அடியார்க்கேனும் அமுது இட்ட பின்பே தாம் உண்பது சேந்தனாரின் நெறி. ஒருநாள் அடைமழை பெய்தது. விறகு நனைந்தது; வாங்குவார் இல்லை. வீட்டில் இருந்த அரிசியை மாவாக்கி, களி கிண்டி, அடியாரை எதிர்நோக்கி நின்றார். மழையில் யார் வருவார்? கூத்தப்பெருமானே முதிய அடியாராக வந்து, களியை உண்டு, எஞ்சியதையும் முடிந்து தரும்படி கேட்டு எடுத்துச் சென்றார். மறுநாள் காலையில் தில்லைக் கருவறையைத் திறந்தபோது அங்கே களி சிந்திக் கிடந்தது. பின்னர்த் திருத்தேர் ஓடாது நின்றதும், சேந்தனார் பல்லாண்டு பாட அது நகர்ந்ததும் அன்பர்கள் அறிந்தவையே.

இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. சேந்தனார் ஏன் களி கிண்டினார்? களி பெருமானுக்கு உகந்தது என்று நூலில் படித்ததனால் அன்று. வேறு எதற்கும் வழி இல்லாமையால் கிண்டினார். பருப்பு வாங்கக் காசில்லை. கறிக்குக் காய் இல்லை. அடுப்புக்கோ ஈர விறகு. வீட்டில் எது இருந்ததோ அதுவே நிவேதனம் ஆயிற்று.

ஆகவே திருவாதிரை உணவின் முதல் விதி, வீட்டில் உள்ளதைக் கொண்டு சமைத்தல். இந்த ஒரு விதியைப் பற்றிக்கொண்டால், வீட்டுக்கு வீடு வழக்கம் வேறுபடுவதன் காரணம் தானே விளங்கும். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது வேறு. ஆகவே வழக்கமும் வேறு.

களியும் குழம்பும்

இன்று நாம் செய்யும் களி, சேந்தனார் கிண்டியதைவிட வளம் பெற்றது. பச்சரிசியைச் செம்மை படர வெறுஞ்சட்டியில் வறுத்து ரவையாக உடைத்தல் வேண்டும். ஓர் ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்கு அளவில் பயற்றம்பருப்பு. அதனையும் வறுத்துக் கொள்வர். வெல்லம் ஒன்று முதல் ஒன்றேகால் ஆழாக்கு. நீர் இரண்டரை ஆழாக்கு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து, பருப்பும் தேங்காய்த் துருவலும் ஏலப்பொடியும் சேர்த்து, ரவையைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறி, சிறுதீயில் மூடி வேகவிட்டு, நெய்யும் முந்திரியும் சேர்த்து இறக்குவர். வெண்கலப் பானையில் செய்த வீடுகளில் இன்று குக்கர் வந்துவிட்டது. அதனால் களிக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

இதற்குத் துணை, பல காய் சேர்ந்த குழம்பு. காவிரி நாட்டில் ஏழுகறிக் குழம்பு, ஏழுகறிக் கூட்டு என்பர். நெல்லைச் சீமையில் தாளகம் என்பர். அதில் எள்ளும் அரிசியும் மிளகாயும் வறுத்துத் தேங்காயோடு அரைத்துச் சேர்ப்பது வழக்கம். பரங்கி, பூசணி, வாழை, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, சேனை, சேப்பங்கிழங்கு, சிறுகிழங்கு என மார்கழியில் மண் தருவன எல்லாம் அதில் இடம்பெறும். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் பல வீடுகளில் சேர்ப்பதில்லை. அவை அயல்நாட்டிலிருந்து பிற்காலத்தில் வந்தவை. பாட்டிமார் கண்ட தோட்டத்தில் அவை இல்லை. "வீட்டில் உள்ளதே" என்ற விதி இங்கும் தொழிற்படுகிறது.

இதே நாளை மலையாள நாட்டில் கொண்டாடும் முறையை நோக்குங்கள். முதல்நாள் மிருகசீரிடத்தன்று எட்டுவகைப் பொருள்களைச் சுட்டும் வேகவைத்தும் "எட்டங்ஙாடி" படைப்பர். திருவாதிரையன்று மகளிர் நோன்பிருந்து கிழங்கும் பயறும் சேர்ந்த புழுக்கும், கூவைக்கிழங்கு மாவில் செய்த இனிப்பும் உண்பர், ஊஞ்சல் ஆடுவர், வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவர். அங்கே அன்று அரிசிச் சோறு விலக்கு! மலைக்கு இந்தப் பக்கம் அரிசியை வறுத்தால்தான் திருவாதிரை. அந்தப் பக்கம் அரிசியை விட்டால்தான் திருவாதிரை. நாளும் ஒன்று, நாயகனும் ஒருவன். அரிசியை இட்டவர் வீட்டிலும் அவன் உண்கிறான்; அரிசியை விட்டவர் வீட்டிலும் உண்கிறான். இதனை அறிந்தபின் ஏழு காயா, பதினொரு காயா என்று யாரேனும் வழக்காடுவரோ?

வழக்கங்கள் பலவகை

ஊர் ஊராகச் சென்று விரிவுரை ஆற்றுவோர்க்குப் பல வீட்டு அடுப்பங்கரைச் செய்திகள் காதில் விழும். அவற்றுள் சில கேட்பார்க்குப் புன்முறுவல் விளைப்பன.

ஒரு வீட்டில் குழம்புக்கான காய்கள் ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். எண்ணும்போது இரட்டைப்படை வந்துவிட்டால் கறிவேப்பிலையைக் காயாகக் கணக்கிட்டு ஒற்றையாக்கி விடுவார்கள்! மற்றொரு வீட்டில் அந்தக் காய்களுள் ஒன்றேனும் அடுத்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கியதாக இருக்கவேண்டும். தம் தோட்டத்திலே விளைந்திருந்தாலும் ஓர் அவரைப்பிஞ்சுக்காகப் படியேறிப் போவார்கள். வேறொரு வீட்டில் களியைக் கடைசியாக ஒரு சுற்றுக் கிளறுவது அவ்வீட்டின் கடைக்குட்டி. மூன்று வயதுக் குழந்தையாயினும் தாய் கைபிடித்துக் கிளறச் செய்வாள். இன்னொரு வீட்டில் எல்லார்க்கும் இலை போட்டபின் ஓர் இலை கூடுதலாகப் போட்டு, அதில் களி மட்டும் வைத்து, தெருக்கதவைத் திறந்து வைப்பர்.

மார்கழியின் பிற நோன்புகளிலும் இத்தகைய புதுமைகள் உண்டு. நகரத்தார் பெருமக்கள் திருக்கார்த்திகைக்கு இருபத்தொரு நாள் கழித்துச் சட்டியும் சதயமும் கூடும் நாளில் பிள்ளையார் நோன்பு நோற்பர். இருபத்தோர் இழை நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் இட்டு உண்பர். குடும்பத்தின் மூத்தவர் கையால் அதனைப் பெறுதல் அவர்கள் வழக்கம். அயலார்க்கு வியப்பாகத் தோன்றும். அவ்வீட்டுக் குழந்தைகளுக்கோ அது இல்லாமல் மார்கழி இல்லை.

நாட்கணக்கிலும் இதே நிலை. ஆங்கில நாட்காட்டியைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள், 2023ஆம் ஆண்டில் ஜனவரி 6 அன்றும் டிசம்பர் 27 அன்றும் இருமுறை ஆருத்திரா தரிசனம் வந்ததையும், 2024இல் ஒருமுறைகூட வாராமல் 2025 ஜனவரி 13 அன்று வந்ததையும் கண்டு மயங்கினர். "இந்த வருடம் களியே இல்லையா?" என்று ஒரு சிறுவன் கேட்டானாம். மார்கழியும் ஆதிரையும் கூடும் நாளே நமக்குக் கணக்கு. அக்கணக்கில் ஆண்டு ஒன்றும் தவறவில்லை, களியும் தவறவில்லை.

எதைக் கொள்வது? எதைத் தள்ளுவது?

நம் நாட்டில் வழங்கும் பழங்கதை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் திதி கொடுக்கும்போது வளர்ப்புப் பூனை குறுக்கே ஓடியது. தந்தையார் அதனைக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தார். மகன் காலத்தில் பூனை இல்லை. ஆயினும் எங்கிருந்தோ ஒரு பூனையைப் பிடித்துவந்து கூடையால் மூடிவிட்டே திதியைத் தொடங்கினான். காரணம் இறந்துவிட்டது, காரியம் மட்டும் நடந்தது. இதனைச் சொல்லி வழக்கம் எல்லாவற்றையும் எள்ளி நகையாடுவோர் உளர். எல்லா வழக்கமும் கூடைக்குள் இருக்கும் பூனை அன்று. ஆகையால் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

ஆராயும்போது கேட்கவேண்டியது ஒரே கேள்வி. இந்த வழக்கம் ஒருவரை இலைக்கு அழைக்கிறதா, இலையிலிருந்து விலக்குகிறதா?

அடுத்த வீட்டில் ஒரு காய் கேட்டு வாங்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கியவர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கிண்ணமாகக் கொடுப்பரோ? களியோடு கொடுப்பர். ஆண்டு முழுவதும் பேச்சு நின்றிருந்தாலும் ஓர் அவரைப்பிஞ்சு அதனை மீண்டும் தொடங்கிவைக்கும். கூடுதல் இலை போடுவது வருவார்க்காக. கடைக்குட்டி கிளறுவது, நாளை இதனைக் காப்பவர் யாரோ அவர் கையில் இன்றே கரண்டியைக் கொடுப்பதற்காக. கறிவேப்பிலையைக் காயாக எண்ணும் வேடிக்கைகூட, ஒரு காய் குறைந்தது என்பதனால் ஏழை வீட்டில் திருவாதிரை நின்றுவிடக் கூடாது என்ற கருணையே. இவை எல்லாம் கொள்ளத்தக்கவை.

நிவேதனத்துக்குமுன் சுவை பாராமையும் அவ்வாறே. முதற்சுவை பெருமானுக்கு என்பதே கருத்து. நூறு முறை செய்த கைக்குச் சுவை பார்க்க வேண்டுவதில்லை. புதிதாகச் செய்யும் மருமகளுக்கோ, முதல்நாள் சிறிதளவு தனியே செய்து பழகிக்கொள்ள அனுமதி கொடுத்தால் மாமியாரின் வழக்கமும் நிலைக்கும். மருமகளின் கண்ணீரும் நிற்கும்.

இனி விலக்கும் வழக்கங்களைக் காண்போம். திருவாதிரை நோன்பிருந்து மஞ்சள் சரடு கட்டிக்கொள்வது பல குடும்பங்களில் சுமங்கலிப் பெண்களின் வழக்கம். அதில் பிழை இல்லை. ஆயின் சரடு கட்டுவோர் முன்வரிசையில் அமர, கணவரை இழந்த தாயார் அடுப்பங்கரையில் நின்று அத்தனையும் சமைத்துவிட்டு, பூசைக்கு எதிரே வாராமல், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உள்ளது. இதனைக் குலவழக்கு என்று கூறிக் காப்போர், சற்றே எண்ணுதல் வேண்டும்.

ஆதிரைத் திருநாளைப் பாடிய அப்பர் பெருமான் சைவத்துக்கு மீண்டது யார் கையால்? தமக்கையார் திலகவதியார் கையால். அவருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் உயிர்நீத்தார். திருமணமே காணாமல், திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் திருத்தொண்டு செய்து வாழ்ந்தவர் அந்த அம்மையார். சூலைநோயால் வருந்திவந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தவர் அவரே. அந்த ஒரு பிடி திருநீறு இல்லையேல் நாலாம் திருமுறையும் ஐந்தாம் திருமுறையும் ஆறாம் திருமுறையும் நமக்கு இல்லை. ஆதிரைப் பதிகமும் இல்லை. திலகவதியார் இன்று நம் வீட்டுக்கு வந்தால், சரடு இல்லாதவர் என்று அடுப்பங்கரையில் நிறுத்துவோமா? அதே ஆதிரைப் பதிகத்தில் அருகில் உள்ளாரும் தொலைவில் உள்ளாரும், நல்லவரும் தீயவரும் ஒருங்கே ஆரூரில் வந்து கூடுகின்றனர். தீயவர்க்கும் இடம் கொடுத்த திருநாளில் பெற்ற தாய்க்கு முன்வரிசையில் இடம் இல்லை என்பது எவ்வளவு கொடிது! சரடு கட்டுவோர் கட்டிக்கொள்ளட்டும். முதல் களி தாயின் இலையில் விழட்டும்.

அளவுக் குவளை

இதனோடு ஒட்டிய நிகழ்ச்சி ஒன்றையும் கூறுதல் தகும். காவிரிக்கரை ஊர் ஒன்றில் அடியேனுக்குப் பழக்கமான குடும்பம் உண்டு. அவ்வீட்டு மூதாட்டியார் களி கிண்டினால் தெருவெல்லாம் அதற்குக் காத்திருக்கும். அளவு கேட்டால், "அந்தக் குவளையால் ஒன்றுக்கு இரண்டரை" என்று பழைய பித்தளைக் குவளை ஒன்றைக் காட்டுவார். அவர் சிவபதம் அடைந்த ஆண்டில் அவ்வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அண்டை வீட்டார் இருவர் களி கொணர்ந்து தந்தனர். மறு ஆண்டு மக்களும் மருமக்களும் அதே குவளையால் அளந்து கிண்டினர். களி வேகவில்லை, மணல்போல் உதிர்ந்தது. முதியவரின் கைமணம் அவரோடு போயிற்று என்று எல்லாரும் வருந்தினர்.

அவ்வீட்டில் நாற்பது ஆண்டுகள் அரிசி இடித்துக் கொடுத்த பெண்மணி ஒருவர் அப்போது கொல்லைப்புறத்தில் நின்றிருந்தார். "பெரியம்மா அந்தக் குவளையிலே ஒடுக்கு விழுந்த இடம் வரைக்குந்தான் அரிசி அளப்பாங்க. தண்ணியைத்தான் தலைதட்ட அளப்பாங்க" என்றார். குவளையின் விளிம்புக்குக் கீழே விரற்கடை அளவில் பழைய ஒடுக்கு ஒன்று இருந்தது. அதனை யாரும் ஒரு பொருளாக எண்ணியதில்லை. அவர் சொன்னபடி மீண்டும் அளந்து செய்தனர். களி பொலபொலவென்று வெந்து வந்தது. பழைய மணமும் வந்தது.

நாற்பது ஆண்டும் அந்தப் பெண்மணி களியைக் கொல்லை வாயிலில் பாத்திரத்தில் பெற்றுச் சென்றவர். வீட்டின் பெருஞ்செல்வமாகிய அளவு அவரிடத்தில் இருந்தது. வீட்டின் கூடத்தில் அவருக்கு இலை இருந்ததில்லை. அன்று மூத்த மகன் அவரை உள்ளே அழைத்துத் தம் குடும்பத்தோடு ஒரே வரிசையில் இலையிட்டார். அவர் முதலில் மறுத்தார். உறவினருள் சிலர் முகம் சுளித்தனர். ஒருவர் உண்ணாமலே எழுந்து சென்றார். மகனோ அசையவில்லை. "தில்லைப் பெருமான் விறகுவெட்டி வீட்டில் உட்கார்ந்து உண்டான் என்று படித்துவிட்டு, இந்த அம்மாளைக் கொல்லையில் நிறுத்தினால் அந்தக் களி எனக்கு இறங்குமா?" என்றார். இப்போது அவ்வீட்டின் வழக்கங்களுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. இன்னும் ஐம்பது ஆண்டு கழிந்தால், "எங்கள் வீட்டில் இப்படித்தான்" என்று பேரப்பிள்ளைகள் கூறுவர். குலவழக்கு பிறக்கும் முறை இதுவே. எக்காலத்திலோ யாரோ ஒருவர் ஒருநாள் துணிந்து செய்ததே பின்னர் மரபு ஆகிறது. நல்லதைத் தொடங்கும் உரிமை முன்னோர்க்கு மட்டும் உரியதன்று.

ஒருவாய்க் களி

"திருவாதிரைக்கு ஒருவாய்க் களி தின்னாதவர் நரகக் குழி" என்பது பழமொழி. இது உண்ணாதவரை அச்சுறுத்துவது போலத் தோன்றும். நீரிழிவால் இனிப்பை விலக்கிய முதியவர் இதனைக் கேட்டுக் கலங்குவதும் உண்டு. கலங்க வேண்டுவதில்லை. பழமொழி ஒரு கிண்ணம் கேட்கவில்லை. ஒருவாய் என்றே கூறுகிறது. அதுவும் இயலாதவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவர்க்குக் கொடுக்கலாம். உடம்பைப் பேணுதலும் சிவத்தொண்டே.

அப்பழமொழியின் உட்பொருள் வேறு என்பது அடியேன் கருத்து. ஊரில் ஒருவர் அன்று களி உண்ணாமல் இருந்தால் அது யார் குற்றம்? அவர் குற்றமோ? கையில் களி இருந்தும் அவருக்குக் கொடாதவர் குற்றமன்றோ? துக்கம் நேர்ந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள். பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் முதியோர் தமக்கு மட்டும் களி கிண்ட மாட்டார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கும், இரவுக் காவல் முடிந்து வரும் காவலாளிக்கும் களி கிண்டுவார் இலர். இவர்கள் வாயில் ஒருவாய்க் களி சேர்க்கும் கடமையை ஏனையோர்மேல் ஏற்றுவதற்கே முன்னோர் அத்தனை வன்மையான சொல்லைச் சொன்னார்கள். அடைமழையில் சேந்தனார் எதிர்நோக்கி நின்றதும் அந்த ஒரு வாய்க்காகவே.

களி என்பதற்கு மகிழ்ச்சி என்பதும் பொருள். ஆனந்தக் கூத்தனுக்கு ஆனந்தத்தையே படைக்கிறோம். படைத்ததைப் பூட்டிவைத்தால் அது வெறும் மாவு, பகிர்ந்தால்தான் களி.

ஆகவே அன்பர்களே, ஏழு காய் வழக்கமுடையோர் ஏழே சேர்க்கட்டும்; பதினொன்று வழக்கமுடையோர் பதினொன்று சேர்க்கட்டும். இரண்டு வழக்கமும் மணத்தால் ஒரு வீட்டில் கூடிவிட்டால், ஓராண்டு ஒன்றையும் மறு ஆண்டு மற்றொன்றையும் செய்யுங்கள். பெருமான் இரண்டையும் அறிவான். வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே அளவையும் பக்குவத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். குவளையில் ஒடுக்கு எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். மனையில் உழைப்பவர்க்கும் ஓர் இலை இடுங்கள். இவ்வாண்டு துயருற்ற வீடு எது என்று தெருவில் வினவி, அங்கே ஒரு கிண்ணம் களியை முதலில் அனுப்புங்கள். அதன்பின் உங்கள் வீட்டில் எத்தனை வேடிக்கையான வழக்கம் இருந்தாலும் அத்தனையும் சிவபூசையே ஆகும்.

தில்லைக் கூத்தன் திருவருள் எல்லார்க்கும் பெருகுவதாக.

திருச்சிற்றம்பலம்.